கேமரன் மலைக்குச் சைக்கிளில்: சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் சாங்கி வரை ஓட்டிவிட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் பேச்சை எடுத்துவிடுவார்: "அண்ணே, கேமரன் மலைக்குச் சைக்கிள்லயே ஏறினீங்களாமே, எப்படி?" இதுவரை நான்கு முறை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பதிலை முதலிலிருந்து சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைத்தால் எல்லாருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

நான் சொல்லும் பாதை இது: மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் தொடங்கி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறுவது. அங்கே இரண்டு இரவு தங்குவது. பிறகு பிரிஞ்சாங், கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி ஈப்போவில் முடிப்பது. ஓட்டுவதற்கு மூன்று நாள், போக வர இரண்டு நாள்.

இங்கே ஒரே மூச்சில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டர்தானே, எனக்கு எளிதுதானே?

தூரத்தை ஓரமாக வையுங்கள். ஏற்றத்தைப் பாருங்கள். தாப்பா தாழ்நிலத்து ஊர். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, ஒரே நாளில் சுமார் 1,400 மீட்டர் ஏற வேண்டும். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. அதை எட்டு முறைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், கணக்கு புரியும்.

சமதரையில் களைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் மிதிக்காமல் விடலாம், வண்டி தானாக ஓடும். ஏற்றத்தில் அது கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மணிக்கணக்கில் ஓய்வே இல்லாமல் மிதித்துப் பழகாத கால்கள், 100 கிலோமீட்டர் ஓட்டிய கால்களாகவே இருந்தாலும், மூன்றாவது மணி நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 400 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வேன். தாப்பா சாலைக்கு மூன்று மணியும் மூன்றரை மணியும் சேர்த்து ஆறரை மணி வருகிறது. சாப்பாடு, மழை, பங்க்சர் எல்லாம் இதற்கு மேல்.

சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கும்?

60 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் என்றால் சராசரி 2.3 சதவீதம்தான். அதாவது 100 மீட்டர் போனால் 2.3 மீட்டர் உயர்வீர்கள். இந்தச் சராசரியை நம்பி ஏமாற வேண்டாம். நடுவில் சமமான இடங்களும் சின்ன இறக்கங்களும் வருவதால் எண் குறைந்து தெரிகிறது. ஏறும் இடங்களில் 4, 5 சதவீதம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இந்தச் சாலை இரக்கமுள்ள சாலை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். தாப்பாவிலிருந்து சாலை வந்தது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து. மலையின் ஒவ்வொரு மடிப்பையும் தொட்டுத் தொட்டு வளைந்து போவதால், எங்கேயும் மூச்சுமுட்டும் செங்குத்து கிடையாது. சிம்பாங் பூலாய்ச் சாலை பின்னால் வந்தது. அகலமாக, நேராக, செங்குத்தாக இருக்கும், நிழலும் குறைவு. அதனால்தான் முதல் தடவை போகிறவர்களிடம் தாப்பா வழியாக ஏறி, சிம்பாங் பூலாய் வழியாக இறங்குங்கள் என்று சொல்கிறேன். மாற்றிச் செய்த நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இன்னொரு முறை அப்படிச் செய்யவில்லை.

என்ன சைக்கிள் வேண்டும்? புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற சைக்கிளில் கியரை மாற்றினால் போதும். பெரும்பாலானவர்கள் தப்புச் செய்வது இங்கேதான். நாலாயிரம் வெள்ளிக்கு வண்டி வாங்குவார்கள், பின்பக்கம் 28 பல் சக்கரத்தோடு மலைக்கு வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால், பெடலை ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். முன்னால் 30, பின்னால் 36 என்றால் அதே 60 சுற்றுக்கு 6.3 கிலோமீட்டர். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் மாலை நான்கு மணிக்கு, பையும் நனைந்த சட்டையுமாக ஏறும்போது, அந்த ஒரு கிலோமீட்டர் மெதுவாகப் போக முடிவதுதான் முழங்காலைக் காப்பாற்றும். அந்த வேகத்தில் முட்டி வலிக்காமல் சுற்ற முடிந்தால் நீங்கள் மாலைவரை ஏறலாம். மிதியை நின்று அழுத்தித்தான் ஏற முடிகிறது என்றால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

கடைக்காரரிடம் "பின்பக்கம் பெரிய கேசெட் போடணும், என் டெரெய்லர் எத்தனை பல் வரைக்கும் தாங்கும்?" என்று கேளுங்கள். கேசெட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு, டெரெய்லர் என்பது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி. செயினையும் நீளமாக மாற்ற வேண்டியிருக்கலாம். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் மலையே இல்லை. எங்கே பயிற்சி எடுப்பது?

மவுண்ட் ஃபேபர்தான் நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடம். அதன் உச்சி சுமார் 105 மீட்டர். கடல் மட்டத்திலிருந்தே ஏறுவதாக வைத்துக்கொண்டாலும், தாப்பா ஏற்றத்துக்கு ஈடாக 14 முறை ஏறி இறங்க வேண்டும். நான் ஒரு நாளும் 14 முறை ஏறியதில்லை. ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன், அதுவே போதுமாக இருந்தது. எத்தனை முறை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே நிதானத்தில் ஏறுகிறோமா என்று பாருங்கள். முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் ஒரே நேரம் எடுத்தால் நீங்கள் தயார்.

ஃபேபரில் கிடைக்காதது ஒன்று உண்டு. ஓய்வில்லாத இரண்டு மணி நேர மிதி. அதற்குத் தானா மேரா கரையோரச் சாலை நல்லது. எதிர்க்காற்று வீசும் நாளில் போய், நடுவில் மிதிப்பதை நிறுத்துவதில்லை என்று முடிவுசெய்து ஓட்டுங்கள். மேடு இல்லாத இடத்தில் காற்றுதான் நமக்கு ஏற்றம்.

இன்னொன்று, உங்கள் புளோக்கின் மாடிப்படி. ஒரு மாடி 2.8 மீட்டர் என்று வைத்தால், 1,400 மீட்டர் என்பது 500 மாடி. 25 மாடி புளோக்கை 20 முறை ஏறுவது. ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள், நான்கைந்து முறை ஏறி லிஃப்டில் இறங்குங்கள். படியில் இறங்கினால் முட்டி கெடும்.

சேர்ந்து பயிற்சிக்குப் போனால் இங்குள்ள விதியை மறக்க வேண்டாம்: இருவர் இருவராகப் போகக்கூடிய சாலையில் ஒரு குழுவில் அதிகபட்சம் பத்துப் பேர், வரிசையாகப் போக வேண்டிய ஒற்றைத்தடச் சாலையில் ஐந்து பேர்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் என் முதல் தேர்வு. ஜூன், ஜூலையும் பரவாயில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மலையில் மழை கொட்டும், மண்சரிவும் அப்போதுதான் அதிகம். எந்த மாதமானாலும் மதியத்துக்கு மேல் ஒரு மழை உண்டு என்றே திட்டம் போடுங்கள். மலேசியப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நீண்ட வார இறுதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி வாங்க வரும் கார்கள் பிரிஞ்சாங்கில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். செவ்வாய், புதன், வியாழன் அமைதியான நாட்கள்.

சைக்கிளைத் தாப்பாவுக்கு எப்படிக் கொண்டுபோவது?

மூன்று வழி உண்டு. ஒன்று, வேனோ காரோ வைத்திருக்கும் நண்பர். இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, விரைவுப் பேருந்து. முன் சக்கரத்தையும் பெடலையும் கழற்றி, பையில் போட்டு, அடித்தட்டில் படுக்க வைக்க வேண்டும். பின் டெரெய்லர் இருக்கும் பக்கம் மேலே பார்த்தபடி இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிள் உண்டு என்று சொல்லி அனுமதி கேளுங்கள். ஏறும் நேரத்தில் ஓட்டுநரிடம் கெஞ்சும் நிலைமை வேண்டாம். ரயிலிலும் தாப்பா ரோடு நிலையம் வரை போகலாம், மடிக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அந்த நிலையம் தாப்பா ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போவது. வூட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் தடத்தில்தான் நாமும் போக வேண்டும். வேலை நாள் மாலையில் அந்தப் புகையில் நிற்பது கொடுமை. விடியற்காலையில் போங்கள், அதுவும் வேலைக்கு வருகிறவர்கள் எதிர்த்திசையில் வரும் நேரமாகப் பார்த்து. ஜொகூர் பாருவிலிருந்து தாப்பா ஏறத்தாழ 480 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய கூட்டரசுச் சாலையில்தான் போக வேண்டும். ஐந்து நாள் விடுப்பு கூடுதலாக இருந்தால் செய்யலாம். மலைக்கு முன்னால் கால் களைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லைத் தாள்கள்: சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் மூன்று நாளுக்குள் அதை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஏறும் நாள் எப்படி இருக்கும்?

அதற்கு முந்தைய நாள் இரவே தாப்பாவில் தங்குங்கள். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். தாழ்நிலத்து வெயில் பத்து மணிக்கு மேல் சுடும். அதற்குள் மர நிழலுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

முதல் இருபது கிலோமீட்டர் வரை அவசரப்படாதீர்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரி. லாத்தா இஸ்கந்தார் அருவி சாலை ஓரத்திலேயே விழுகிறது, கண்ணில் படாமல் போகவே முடியாது. அதன் பக்கத்திலும் அதற்கு மேலும் ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்களின் சிறு கடைகள் இருக்கும். பெத்தாய்க் காய்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், கண்ணாடிப் போத்தலில் காட்டுத்தேன் வைத்திருப்பார்கள். ஒரு முறை அங்கே ஒரு பாட்டி நான் கேட்காமலேயே வாழைப்பழம் இரண்டைச் சைக்கிள் பையில் செருகிவிட்டு, மேலே கையைக் காட்டி ஏதோ சொன்னார். மொழி புரியவில்லை. மழை வருகிறது என்று சொல்லியிருக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் புரிந்தது.

அருவிக்குப் பிறகு மூங்கிலும் காட்டுப் பெரணியும் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். ஈர இலை மணமும் எங்கேயோ விழும் தண்ணீர்ச் சத்தமும்தான் துணை. வளைவுகள் முடிவே இல்லாமல் வரும், அடுத்த வளைவில் சாலை நேராகும் என்று எதிர்பார்த்துப் பார்த்து மனம் சோரும். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு முறை இறங்கி, இரண்டு நிமிடம் நின்று, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஏறுவது என் வழக்கம். காற்று குளிர ஆரம்பிப்பது ரிங்லெட்டுக்குச் சற்று முன்னால். வியர்த்த முதுகில் அது படும்போது, மலை உங்களை உள்ளே விட்டுவிட்டது என்று தெரியும்.

ரிங்லெட்டில் கடைகள் உண்டு, தமிழில் பேசி வயிறாரச் சாப்பிடலாம். பரோட்டா என்று கேட்காதீர்கள், அங்கே அது ரொட்டி சானாய். அதற்குப் பிறகு அணைக்கட்டு ஏரியை ஒட்டிப் போய் மறுபடி ஏறினால் 13 கிலோமீட்டரில் தானா ராத்தா.

தண்ணீர், சாப்பாடு எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

இரண்டு பெரிய போத்தல், உப்புச்சத்துப் பொடி, மணிக்கு ஒரு முறை சாப்பிட ஏதாவது. நான் பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் கொண்டுபோகிறேன், முறுக்கு வேண்டாம், தொண்டை காயும். அருவிக் கடைகளில் போத்தலை நிரப்பாமல் போகாதீர்கள், அடுத்த கடை எப்போது திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

துணிமணி?

மேலே இரவில் 15 டிகிரிக்குப் போகும். ஒரு மழைச்சட்டை, ஒரு காற்றுத் தடுப்பு, முழுக்கைச் சட்டை, காய்ந்த காலுறை இரண்டு ஜோடி. மொத்தப் பை ஆறு கிலோவைத் தாண்டினால் திறந்து மறுபடி பாருங்கள்.

இரண்டாவது நாள் என்ன செய்வது?

கால் ஒத்துழைத்தால், பையை அறையில் போட்டுவிட்டு குனோங் பிரிஞ்சாங் ஏறுங்கள். உச்சி சுமார் 2,030 மீட்டர். சாலை ஒடுங்கியது, சில இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வழியில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். 1929இல் போ (BOH) தேயிலை நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்த மலைத் தேயிலையின் கதையில் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. சரிவில் வரிசை பிடித்து நிற்கும் செடிகளைக் காரிலிருந்து பார்ப்பது வேறு. அதே சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான், முதுகில் கூடையோடு இதில் நாள் முழுக்க ஏறி இறங்கியவர்களின் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கு அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இறக்கம் எளிதுதானே?

எனக்கு இந்தப் பயணத்தில் பயம் என்றால் அது இறக்கத்தில்தான். தானா ராத்தாவிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கம்போங் ராஜா வரை ஏறி இறங்கிப் போகும், அதற்குப் பிறகுதான் நீண்ட இறக்கம். காய்கறி லாரிகளும் அதே சாலையில் இறங்கும்.

இரண்டாவது பயணத்தில், பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். கருகிய ரப்பர் வாசம் வந்தது, லாரியுடையது என்று நினைத்தேன். நிறுத்திப் பார்த்தால் என் பிரேக் கட்டைகள். ரிம்மைத் தொட்ட விரல் சுட்டது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் டியூப் வெடித்திருக்கும். அன்று கற்றது: வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். முன், பின் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ஆறவிட வேண்டும். கிளம்பும் முன் புதுக் கட்டை போட வேண்டும். கார்பன் ரிம்மில் கட்டை பிரேக் வைத்திருப்பவர்கள் இந்த இறக்கத்துக்கு வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்கு 52 வயது. முடியுமா?

முடியும். எங்களோடு வந்த அக்கா ஒருவருக்கு 56. எங்கள் எல்லாரையும்விட மெதுவாகக் கிளம்பி, யாருக்கும் பின்னால் வராமல் சேர்ந்தார். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம், "ஆறு மணி நேரம் விடாமல் ஏறப் போகிறேன்" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். "சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டால் ஓட்டலாம் என்றுதான் சொல்வார்.

தனியாகப் போகலாமா?

முதல் முறை வேண்டாம். மூவர் இருந்தால் நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், ஒருவர் உதவி தேடிப் போகலாம். மலை மடிப்புகளில் கைப்பேசிக்குச் சிக்னல் வந்து வந்து போகும். அவசர எண் 999. பகலிலும் பின்விளக்கை எரியவிடுங்கள், மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. பயணக் காப்புறுதியில் சைக்கிள் ஓட்டம் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

பாதியில் முடியாமல் போனால்?

கிளம்பும் முன்னாலேயே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது மதியம் இரண்டரை மணி. அதற்குள் ரிங்லெட்டைத் தொடவில்லை என்றால் அன்றைய ஓட்டம் ரிங்லெட்டோடு முடிந்தது.

முதல் பயணத்தில் எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. தாப்பாவில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்பினேன். ரிங்லெட் சேரும்போது மாலை ஐந்தரை, கொட்டும் மழை, பின்விளக்கு நனைந்து அணைந்துவிட்டது. பலகாரக் கடை வைத்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "எங்கேப்பா போற இந்த மழையில? மேல பனி இறங்கிடுச்சு, லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியாது" என்று சொல்லி, சைக்கிளைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு போனார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்து, பக்கத்துத் தெருவில் அறையும் பேசிக்கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் தானா ராத்தா போய்ச் சேர்ந்தேன்.